தந்தை தொட்டதும் தாய் சுமந்ததும்

கிரகணம் பிடிக்கிற நாளில் பிள்ளைத்தாய்ச்சியை வெளியே விடமாட்டார்கள். கதவு, யன்னல் எல்லாம் சாத்தியிருக்கும். கத்தி தொடக்கூடாது, ஊசி எடுக்கக்கூடாது, ஒன்றையும் நறுக்கக்கூடாது. மீறினால் பிள்ளைக்கு உதடு பிளந்துவிடும் என்பது ஊர் நம்பிக்கை. இதைக் கேளாமல் வளர்ந்தவர்கள் நம்மில் குறைவு. இந்த நம்பிக்கைக்குள் இரண்டு விடயங்கள் அடங்கியிருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத ஏதோவொன்று பெற்றவர்களின் உடலினூடாகச் சென்று பிள்ளையைத் தாக்கும் என்ற அச்சம் ஒன்று. அப்படி நேர்ந்தால் அதற்குப் பொறுப்பாளி தாயே என்ற தீர்ப்பு மற்றது. உதடு பிளந்த பிள்ளையைப் பெற்றவள், "அண்டைக்கு வெளியிலை வந்தனியோ?" என்ற கேள்விக்கு ஆயுள் முழுவதும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளிடம் பதில் இல்லாதபோது முன்வினை என்றார்கள். பெற்றார் செய்த பாவம் பிள்ளையின் தலையில் என்றார்கள்.

கிரகணத்துக்கும் உதட்டுக்கும் தொடர்பில்லை. ஆனால் பெற்றோரின் உடலைத் தொட்ட கதிரும் நஞ்சும் பிள்ளையைத் தொடுமா என்ற கேள்வி உண்மையான கேள்வி. நாம் வந்து குடியேறிய இந்த நாட்டில் அக்கேள்வி எண்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்கப்பட்டு வருகிறது. சிட்னியின் மருத்துவமனைகளும் மெல்பேர்ணின் ஆய்வுகூடங்களும் அதன் உலக வரலாற்றில் இடம்பெற்றவை. போரிலிருந்து தப்பி வந்தவர்கள் நாம். குண்டுப் புகையைச் சுவாசித்த தகப்பன்மாரும், பதுங்குகுழிக்குள் பிள்ளை சுமந்த தாய்மாரும் நம்மிடையே இருக்கிறார்கள். ஆகவே இந்த வரலாறு நமக்குப் புறம்பானதல்ல.

தொடங்குமுன் ஒரு வேறுபாட்டை மனதில் இருத்திக்கொள்ள வேண்டும். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது தாயைத் தாக்கியது வேறு. பிள்ளை கருவாகும் முன்னரே தந்தையையோ தாயையோ தாக்கியது வேறு. முதலாவதில் நஞ்சு நேரே கருவைச் சென்றடைகிறது. இரண்டாவதில் அது விந்தின் அல்லது முட்டையின் பரம்பரை அலகுகளை மாற்றி, அம்மாற்றத்தின் வழியாகப் பிள்ளையை அடையவேண்டும். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் தேவையற்ற பயங்கள் வளர்கின்றன. தேவையான எச்சரிக்கைகள் மறைந்தும் போகின்றன.

கருப்பையின் சுவர்

கருப்பை ஒரு கோட்டை, தாய்க்கு வரும் தீங்கு அதன் சுவரைத் தாண்டாது என்றே இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை பல வைத்தியர்கள் எண்ணியிருந்தனர். அந்த எண்ணத்தில் விழுந்த பெரிய உடைப்பு சிட்னியில் நிகழ்ந்தது. 1941ஆம் ஆண்டு நோர்மன் கிரெக் என்ற கண் வைத்தியரிடம் கண்ணில் வெண்படலத்துடன் பிறந்த குழந்தைகள் வழக்கத்துக்கு மாறாகப் பெருந்தொகையில் வந்து சேர்ந்தனர். அத்தாய்மாரில் மிகப் பெரும்பாலானோர் கர்ப்பத்தின் தொடக்கத்தில், அதாவது 1940இல் பரவிய ஜேர்மன் சின்னமுத்துக் காலத்தில், அந்நோய்க்கு ஆளானவர்கள் என்பதை அவர் கண்டார். தாய்மார் தமக்குள் பேசிக்கொண்டதிலிருந்தே அவருக்கு இந்த எண்ணம் உதித்ததாகச் சொல்வார்கள். தன்னுடையதும் சக வைத்தியர்களுடையதுமாக 78 குழந்தைகளின் விபரங்களைத் திரட்டி, அவ்வாண்டு ஒக்ரோபரில் மெல்பேர்ணில் நடந்த கண் வைத்தியர் மாநாட்டில் அவர் வாசித்தார்.

உலகம் உடனே நம்பவில்லை. சிட்னியைச் சேர்ந்த ஒலிவர் லங்காஸ்டர் என்ற புள்ளிவிபர அறிஞர் பழைய குடித்தொகைக் கணக்குகளையும் செவிப்புலனற்றோர் பாடசாலைகளின் பதிவேடுகளையும் தேடியெடுத்து, 1951இல் ஓர் உண்மையை வெளிக்கொணர்ந்தார். செவிடாகப் பிறந்தோரின் தொகை சில குறிப்பிட்ட ஆண்டுகளில் குவிந்திருந்தது. அவை அந்நோய் பரவிய காலங்களோடு பொருந்தின. அரை நூற்றாண்டுக்கு முன் யாரோ ஓர் எழுதுவினைஞர் பதிந்துவைத்த பிறந்த திகதிகள் சாட்சி சொல்ல வந்தன. "என்ன பாவம் செய்தோம்" என்று அழுத தாய்மார் பலர் அதற்குள் இறந்தும் போயிருப்பார்கள்.

நோயைத் தொடர்ந்து மருந்து வந்தது. கர்ப்பிணிகளின் காலைநேர மசக்கைக்கும் தூக்கமின்மைக்கும் மிகப் பாதுகாப்பானது என விளம்பரப்படுத்தப்பட்ட தலிடோமைட், இந்நாட்டில் டிஸ்ராவல் என்ற பெயரில் விற்கப்பட்டது. சிட்னி கிறவுண் வீதிப் பெண்கள் மருத்துவமனையில் 1961இல் கைகள் வளராத குழந்தைகள் அடுத்தடுத்துப் பிறந்தபோது, அம்மருந்தே காரணமாகலாம் என வில்லியம் மக்பிறைட் என்ற மகப்பேற்று வைத்தியர் முடிவுசெய்து, இலண்டன் லான்செற் சஞ்சிகைக்குச் சில வரிகளே கொண்ட கடிதமொன்றை எழுதினார். அது அவ்வாண்டு டிசெம்பரில் வெளிவந்தது. அதே காலத்தில் ஜேர்மனியில் விடுகிண்ட் லென்ஸ் என்பவரும் தனியாக அதே முடிவுக்கு வந்திருந்தார். மருந்து சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. அதற்குள் உலகெங்கும் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டிருந்தனர். அம்மருத்துவமனையில் இத்தொடர்பை முதலில் ஐயுற்றவர் பற் ஸ்பரோ என்ற தாதியே என்று சொல்வோரும் உண்டு. புகழ் பெற்ற மக்பிறைட் பிற்காலத்தில் வேறொரு மருந்து பற்றிய ஆய்வில் தரவுகளைத் திரித்தமைக்காக 1993இல் வைத்தியர் பதிவிலிருந்து நீக்கப்பட்டார் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

1962இல் மெல்பேர்ணில் கைகால்கள் இன்றிப் பிறந்த லினெற் றோ என்ற பெண்மணி ஐம்பது வயதை எட்டும்போதுதான், 2012இல், அவரது வழக்கு இணக்கத்துக்கு வந்தது. அடுத்த ஆண்டு அவரைப் போன்ற நூற்றுக்கு மேற்பட்டோருக்கு 8 கோடி 90 இலட்சம் டொலர் வழங்க உடன்பாடு காணப்பட்டது. அவுஸ்திரேலியப் பிரதமர் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2023ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் திகதி. இடையில் அறுபத்திரண்டு ஆண்டுகள். அவ்வளவு காலமும், வைத்தியர் கொடுத்த குளிசையை விழுங்கிய தாய்மார் தம்மைத் தாமே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருந்தார்கள்.

இந்த அழிவிலிருந்து ஒரு நன்மை விளைந்தது. பிறக்கும் குழந்தைகளின் குறைபாடுகளைத் தொடர்ச்சியாகப் பதிந்து எண்ணவேண்டும் என்பதை அரசுகள் உணர்ந்தன. சிட்னிப் பல்கலைக்கழகத்தில் 1979இல் தேசிய மகப்பேற்றுப் புள்ளிவிபரப் பிரிவு நிறுவப்பட்டது. விக்ரோறியா மாநிலத்தின் பிறவிக் குறைபாட்டுப் பதிவேடு 1982இல் தொடங்கியது.

ஹிரோஷிமாவின் கணக்கு

இரண்டாவது கேள்வி இதைவிடக் கடினமானது. எக்ஸ் கதிர் பட்ட பழ ஈக்களின் சந்ததியில் மாற்றங்கள் பெருகுவதை ஹேர்மன் மல்லர் என்ற அமெரிக்க அறிஞர் 1927இல் நிரூபித்திருந்தார். அதற்கான நோபல் பரிசு அவருக்கு 1946இல், ஹிரோஷிமாவின் சாம்பல் ஆறுமுன் கிடைத்தது. குண்டில் தப்பியவர்களின் பிள்ளைகள் எப்படிப் பிறப்பார்கள் என்று உலகம் அஞ்சியதில் வியப்பில்லை.

யப்பானில் அக்காலம் அரிசிப் பங்கீடு நடைமுறையில் இருந்தது. கர்ப்பிணிகள் ஐந்தாம் மாதத்தில் பதிந்துகொண்டால் மேலதிகப் பங்கு கிடைக்கும். அந்தப் பங்கீட்டுப் பதிவைக் கொண்டு 1948 முதல் 1954 வரை ஹிரோஷிமா, நாகசாக்கி நகரங்களில் 70,000க்கும் மேற்பட்ட பிறப்புகளை ஜேம்ஸ் நீல், வில்லியம் ஷல் ஆகியோரின் குழு பரிசோதித்தது. குண்டு விழுந்த பின் கருவான பிள்ளைகளிடையே, பெற்றோர் பட்ட கதிரின் அளவுக்கேற்பப் பிறவிக் குறைபாடுகள் கூடியதாகத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. ஆனால் குண்டு விழுந்த நேரத்தில் தாயின் வயிற்றிலிருந்த பிள்ளைகள், குறிப்பாக எட்டாம் வாரத்துக்கும் பதினைந்தாம் வாரத்துக்கும் இடைப்பட்ட கருக்கள், சிறுத்த தலையுடனும் மூளை வளர்ச்சி குன்றியும் பிறந்தன. செர்னோபிலில் துப்புரவு செய்தவர்களுக்கும் அங்கிருந்து வெளியேற்றப்பட்டவர்களுக்கும் பின்னர் பிறந்த 130 பேரின் பரம்பரை அலகுகளை முழுமையாக வாசித்து 2021இல் வெளியான ஆய்வும், பெற்றோர் பட்ட கதிரினால் புதிய மாற்றங்கள் கூடவில்லை என்றே கூறியது.

கதிர் விந்தையும் முட்டையையும் தீண்டாது என்று இதற்குப் பொருளல்ல. எலிகளில் அது நிகழ்வது நிரூபணமானது. மனிதரில் அதன் அளவு, இவ்வளவு பெரிய கணக்குகளிலும் பிரித்தறிய முடியாத அளவுக்குச் சிறியது என்பதே இதுவரையான விடை. பயந்து வாழ்ந்த பல்லாயிரம் யப்பானியக் குடும்பங்களுக்கு இந்த விடை பெரிய ஆறுதல். அந்த ஆறுதல் அவர்களுக்குக் கிடைத்தது அவர்கள் எண்ணப்பட்டதால். எண்ணப்படாதவர்களின் கதை இந்த நாட்டில் இருக்கிறது.

பாலைவனத்தில் எண்ணப்படாதவர்கள்

பிரித்தானியா தனது முதல் அணுகுண்டை 1952ஆம் ஆண்டு ஒக்ரோபர் 3ஆம் திகதி மேற்கு அவுஸ்திரேலியக் கரைக்கப்பாலுள்ள மொன்ரிபெல்லோத் தீவுகளில் வெடித்தது. அடுத்த ஆண்டு தென் அவுஸ்திரேலியாவின் ஈமு வெளியில் இரண்டு; 1956இல் மீண்டும் மொன்ரிபெல்லோவில் இரண்டு; 1956, 57இல் மரலிங்காவில் ஏழு. மொத்தம் பன்னிரண்டு. இவற்றைத் தவிர 1963 வரை இரகசியமாக நடந்த சிறு பரிசோதனைகள் மரலிங்கா மண்ணில் 20 கிலோவுக்கும் அதிகமான புளுட்டோனியத்தைத் தூவிவிட்டன. மெல்பேர்ண் பல்கலைக்கழகப் பௌதிகப் பேராசிரியர் லெஸ்லி மார்ட்டின் பாதுகாப்புக் குழுவின் முதல் தலைவராக இருந்தார். அவருக்குப் பின் வந்த ஏர்ணெஸ்ற் ரிற்றேர்ட்டன் பிரித்தானியக் குண்டுத் திட்டத்துக்கு நெருக்கமானவர்.

அந்த நிலம் வெறுமையானது என்று சொல்லப்பட்டது. அங்கே அனங்கு, பிற்ஜன்ஜற்ஜாரா மக்கள் காலங்காலமாக நடந்து திரிந்தனர். 1957ஆம் ஆண்டு மே மாதம், முந்திய ஆண்டு வெடித்த குண்டொன்றின் பள்ளத்தருகே ஒரு குடும்பம் இராப்பொழுதைக் கழித்திருந்ததைப் படையினர் கண்டனர். தாய், தந்தை, இரு பிள்ளைகள், வேட்டை நாய்கள். மில்பட்டி குடும்பம் என ஆவணங்கள் அவர்களைக் குறிக்கின்றன. தாய் கர்ப்பிணி. அவர்களைக் குளிக்கவார்த்து, நாய்களைச் சுட்டுக்கொன்று, வண்டியேற்றி அனுப்பிவிட்டார்கள். கண்டதை வெளியே சொல்லக்கூடாதென்று படையினர் எச்சரிக்கப்பட்டனர். அந்தத் தாயின் வயிற்றிலிருந்த பிள்ளை உயிருடன் பிறக்கவில்லை. கதிர்தான் காரணமா என்பதை அந்த ஒரு பிறப்பைக் கொண்டு எவரும் சொல்லமுடியாது. அவளைப் போன்ற தாய்மாரின் கணக்கு இருந்திருந்தால் சொல்லமுடிந்திருக்கலாம். அந்தக் கணக்கு எங்கும் இல்லை. அக்காலத்து அவுஸ்திரேலிய அரசியலமைப்பின் 127ஆம் பிரிவு, நாட்டின் குடித்தொகையைக் கணக்கிடும்போது ஆதிக்குடிகளைச் சேர்க்கக்கூடாது என்று விதித்திருந்தது. 1967ஆம் ஆண்டு மக்கள் வாக்கெடுப்பின் பின்னரே அது நீங்கியது.

இதற்கு நேர்மாறான ஒன்று நகரங்களில் நடந்துகொண்டிருந்தது. குண்டுகளிலிருந்து வரும் ஸ்ரொன்ரியம்-90 புல்லில் விழுந்து, மாட்டின் பாலில் கலந்து, சுண்ணாம்புச்சத்தைப் போல எலும்பில் படிவது. வளரும் பிள்ளைகளின் எலும்பில் அது கூடுதலாகச் சேரும். அதை அளப்பதற்காக 1957 முதல் 1978 வரை சிட்னி, மெல்பேர்ண், அடிலெய்ட், பிறிஸ்பேன், பேர்த் நகரங்களின் மருத்துவமனைகளில் இறந்தவர்களிடமிருந்து ஏறத்தாழ 22,000 எலும்புத் துண்டுகள் எடுக்கப்பட்டன. இறந்து பிறந்த சிசுக்களின் எலும்புகளும் அவற்றில் அடங்கும். குடும்பத்தவரிடம் அனுமதி கேட்கப்படவில்லை. 2001இல் இது வெளிவந்தபோது, தம் பிள்ளையை முழுமையாக அடக்கம் செய்தோம் என்று நாற்பது ஆண்டுகள் நம்பியிருந்த பெற்றோர் அதிர்ந்து போயினர்.

சிட்னிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்ள்ஸ் கேர் தலைமையிலான குழுவின் 1984ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து, நீதிபதி ஜேம்ஸ் மக்கிளெலண்ட் தலைமையில் அரச ஆணைக்குழு அமைந்தது. 1985இல் அது தன் அறிக்கையை வெளியிட்டது. ஈமு வெடிப்பின் பின் கரிய மூடுபனி தம்மேல் படிந்தது என்று ஆதிக்குடி மக்கள் சொன்னதை, அதுவரை பலர் கட்டுக்கதை என்று ஒதுக்கியதை, ஆணைக்குழு ஏற்றுக்கொண்டது. நெடுங்காலப் பாதிப்பைத் தீர்மானிப்பதற்கு வேண்டிய பதிவுகள் இருக்கவில்லை. பரிசோதனைகளில் பங்குகொண்ட ஏறத்தாழ 11,000 அவுஸ்திரேலியர் பற்றிய ஆய்வு 2006இல் வெளிவந்தது. அவர்களிடையே புற்றுநோய் பொதுமக்களைவிட 23 வீதம் அதிகம் எனக் கண்டது. ஆயினும் அதற்குக் கதிரே காரணம் என்று அது கூறவில்லை. அந்த ஆய்வு அவர்களைப் பற்றியது. அவர்களின் பிள்ளைகள் அதில் எண்ணப்படவில்லை.

ஹோம்புஷ் குடாவின் சேறு

இனிக் கதிரிலிருந்து இரசாயனத்துக்கு வருவோம். சிட்னித் தமிழருக்கு ஹோம்புஷ் நன்கு பழக்கமான பெயர். அதை ஒட்டிய றோட்ஸ் தீபகற்பத்தில் இன்று உயர்ந்த மாடிக் குடியிருப்புகள் நிற்கின்றன. அங்கே முன்னர் ரிம்ப்றோல் என்ற இரசாயனத் தொழிற்சாலை இருந்தது. அது 1957இல் யூனியன் காபைட் நிறுவனத்தின் கைக்கு மாறியது. 1970களின் நடுப்பகுதி வரை 2,4,5-ரி என்ற களைகொல்லி அங்கு உற்பத்தியாயிற்று. அதன் தயாரிப்பில் தவிர்க்கமுடியாது விளையும் டைஒக்சின் என்ற கொடிய நஞ்சு கழிவோடு சேர்ந்து ஹோம்புஷ் குடாவின் சேற்றில் படிந்தது. 2006இல் சிட்னித் துறைமுகம் முழுவதிலும் வணிக மீன்பிடி தடைசெய்யப்பட்டது. துறைமுகப் பாலத்துக்கு மேற்கே பிடித்த மீனை உண்ணவேண்டாம் என்ற அரச அறிவுறுத்தல் இன்றும் நடைமுறையில் உள்ளது. ஓய்வுநாளில் தூண்டில் போடுகிற நம்மவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

அந்த நிறுவனத்தின் பெயரை நாம் போபாலோடு சேர்த்தே அறிவோம். 1984 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு போபாலில் நச்சுவாயு கசிந்தபோது கருவுற்றிருந்த 865 பெண்களை விசாரித்த ஆய்வொன்று, அக்கர்ப்பங்களில் 43 வீதம் உயிருள்ள பிறப்பாக முடியவில்லை எனக் கண்டது. அப்போது கருவிலிருந்து 1985இல் பிறந்த ஆண்களிடையே புற்றுநோயும் இயலாமையும் கூடியிருப்பதாக 2023இல் இன்னோர் ஆய்வு கூறியது. இங்கும் நாம் காண்பது முதலாவது வழிதான்: வயிற்றில் இருந்தபோது தாக்கிய நஞ்சு.

விக்ரோறியாவின் தெற்கு கிப்ஸ்லாண்டில் யாரம் என்ற சிற்றூர் இருக்கிறது. 1970களின் நடுப்பகுதியில் அங்கே மூளையும் முள்ளந்தண்டும் சரிவர மூடாத குழந்தைகள் பிறந்தபோது, புதர்களை அழிக்கத் தெளிக்கப்பட்ட 2,4,5-ரியின் மேல் ஐயம் விழுந்தது. 1978இல் மாநில அரசு நியமித்த ஆலோசனைக் குழு தொடர்பு எதையும் காணவில்லை. ஆனால் 1979இல் சிட்னியின் பாபரா ஃபீல்ட், சார்ள்ஸ் கேர் ஆகியோர் லான்செற்றில் எழுதியபோது, அக்களைகொல்லியின் ஆண்டுப் பயன்பாடும் நியூ சவுத் வேல்ஸில் இக்குறைபாட்டின் வீதமும் சேர்ந்தே ஏறியிறங்குவதாகக் காட்டினர். சேர்ந்து ஏறியிறங்குவன எல்லாம் காரண காரியமாகிவிடா என்பதை அவர்களும் அறிந்தேயிருந்தனர்.

இந்த விவகாரம் பின்னர் எதிர்பாராத திசையில் திரும்பியது. இக்குறைபாட்டின் பெரும்பங்கு தாயின் உணவில் போலிக் அமிலம் குறைவதால் வருகிறது என்பது 1991இல் ஐயத்துக்கிடமின்றி நிரூபணமாயிற்று. 2009 முதல் அவுஸ்திரேலியாவில் பாண் செய்யும் மாவில் அதைச் சேர்ப்பது கட்டாயமாக்கப்பட்டது. நாம் வாங்குகிற பெரும்பாலான பாண்களில் அது இருக்கிறது. நஞ்சைத் தேடிப் புறப்பட்ட விசாரணையின் முடிவில் ஒரு சத்துக் குறைவு பிடிபட்டது.

வியட்நாமிலிருந்து வீட்டுக்கு

றோட்ஸில் தயாரிக்கப்பட்ட அதே வகைக் களைகொல்லியை 2,4-டி என்ற இன்னொன்றோடு சரிபாதியாகக் கலந்ததே வியட்நாமில் அமெரிக்கர் தெளித்த ஏஜன்ற் ஒறேஞ். 1971 வரை பத்தாண்டுகளில் 7 கோடி லீற்றருக்கும் அதிகமான களைகொல்லிகள் வியட்நாமின் காடுகள்மீதும் வயல்கள்மீதும் விழுந்தன. ஏறத்தாழ 60,000 அவுஸ்திரேலியர் அப்போரில் பணியாற்றினர். திரும்பிவந்தவர்களில் சிலருக்குக் குறைபாடுள்ள பிள்ளைகள் பிறந்தபோது, தாம் தொட்ட நஞ்சே காரணம் என்று அவர்கள் நம்பினர்.

சிட்னியிலிருந்த பொதுநலவாயச் சுகாதார நிறுவகம் 1983இல் ஆய்வொன்றை வெளியிட்டது. நியூ சவுத் வேல்ஸ், விக்ரோறியா, கன்பரா மருத்துவமனைகளில் 1966 முதல் 1979 வரை குறைபாட்டுடன் பிறந்த 8,517 குழந்தைகளும், ஒவ்வொருவருக்கும் இணையாகக் குறைபாடற்ற ஒரு குழந்தையும் எடுத்துக்கொள்ளப்பட்டனர். தந்தையரின் பெயர்கள் இராணுவப் பதிவேட்டோடு ஒப்பிடப்பட்டன. குறைபாடுள்ள குழந்தைகளின் தந்தையரில் 127 பேரும், மற்றவர்களின் தந்தையரில் 123 பேரும் வியட்நாமில் இருந்தவர்கள். வேறுபாடு இல்லையென்றே சொல்லலாம். நீதிபதி பிலிப் எவற் தலைமையிலான அரச ஆணைக்குழு 1985இல் ஏஜன்ற் ஒறேஞ் குற்றவாளியல்ல எனத் தீர்ப்பளித்தது. படைவீரர்கள் கொதித்தெழுந்தனர்.

கணக்கு அத்துடன் முடியவில்லை. 1990களின் இறுதியில் படைவீரர் அனைவரிடமும் நடத்திய விசாரணையில், அவர்களின் பிள்ளைகளிடையே முள்ளந்தண்டுப் பிளவும் உதட்டுப் பிளவும் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகப் பதிவாயின. 2000ஆம் ஆண்டளவில் அப்பிள்ளைகளின் சில குறிப்பிட்ட நோய்களுக்கான சிகிச்சைச் செலவை அரசு பொறுப்பேற்றது. அமெரிக்காவில் 1996இல் முள்ளந்தண்டுப் பிளவுக்குச் சான்று ஓரளவு உண்டு என்று கூறிய அறிஞர் குழு, இருபது ஆண்டுகளின் பின் அச்சான்று போதாதென்று மாற்றிக்கொண்டது. தந்தை வழியாக வரும் தீங்கு இன்னும் நிரூபிக்கப்படாத ஒன்றாகவே நிற்கிறது. அந்த நஞ்சு நேரே தலைமேல் விழுந்த வியட்நாமியத் தாய்மாரைப் பற்றி இக்கணக்குகள் எவையும் கேட்கவில்லை என்பதையும் மறக்கக்கூடாது. அவர்களில் பலர் பின்னர் அகதிகளாக வந்து கப்ரமற்றாவிலும் ஃபுட்ஸ்கிறேயிலும் நமக்கு அயலவரானார்கள்.

அதே விசாரணையில் எவரும் எதிர்பார்க்காத ஒன்று தெரியவந்தது. படைவீரரின் பிள்ளைகளிடையே தற்கொலை, சமூகத்தின் பொது வீதத்தைப் போல் மூன்று மடங்காக இருந்தது. 2014இல் வெளிவந்த, 27,000க்கும் மேற்பட்டோர் பங்குகொண்ட குடும்ப ஆய்வு இதை விரித்துரைத்தது. பெரும்பாலான பிள்ளைகள் நல்ல சுகத்துடனேயே வாழ்கின்றனர். ஆயினும் மனச்சோர்வு, பதற்றம், தற்கொலை எண்ணம் ஆகியன மற்றவர்களைவிட இவர்களிடையே கூடுதல். இரவில் அலறி எழுகிற தந்தை, பேசாத தந்தை, குடிக்கிற தந்தை, சின்னச் சத்தத்துக்கும் கையோங்குகிற தந்தை. அவர்கள் தேடியது விந்திலிருந்த நஞ்சை. அகப்பட்டது வீட்டுக்குள் இருந்தது.

வீட்டு வழி என்ற இந்த மூன்றாவது வழிக்கு இரசாயன உலகிலும் உதாரணம் உண்டு. பரமற்றாவுக்கு அருகே கமீலியாவில் ஜேம்ஸ் ஹார்டி நிறுவனத்தின் அஸ்பெஸ்ரஸ் தொழிற்சாலை இருந்தது. அஸ்பெஸ்ரஸ் வேலை செய்த தகப்பன்மாரின் உடுப்பில் ஒட்டிவந்த தூசை, அதை உதறித் தோய்த்த மனைவியும் மடியில் ஏறிய பிள்ளையும் சுவாசித்தனர். பல பத்தாண்டுகளின் பின் அவர்களுக்கும் நெஞ்சுச் சவ்வுப் புற்றுநோய் வந்தது. நம் ஊரிலும் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் மருந்தடித்துவிட்டு, அதே சாரத்தோடு வந்து பிள்ளையைத் தூக்கிய தகப்பன்மார் எத்தனை பேர்! கேரளத்துக் காசர்கோட்டில் மரமுந்திரிகைத் தோட்டங்களின் மேல் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஹெலியிலிருந்து எண்டோசல்பான் தெளித்தார்கள். 2000இல்தான் அது நின்றது. இந்திய உச்ச நீதிமன்றம் 2011இல் அந்த மருந்தைத் தடைசெய்தது. பாதிக்கப்பட்டோருக்குத் தலா 5 இலட்சம் ரூபா கொடுக்கும்படி 2017இல் மாநில அரசுக்குக் கட்டளையிட்டது. அங்கேயும் முதலில் சொல்லப்பட்டது தெய்வக் குற்றம் என்பதே.

நமக்கான கணக்கு

இவற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளவேண்டியவை சில உண்டு. பிள்ளை வயிற்றில் இருக்கும்போது தாயைத் தொடும் மருந்து, கதிர், நஞ்சு ஆகியவற்றில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் தகும். கருவாகு முன்னர் தந்தையோ தாயோ பட்டது பிள்ளையின் உடலில் இறங்கிவிடும் என்ற பயத்துக்கு, இதுவரையான பெரிய கணக்குகள் ஆதரவு தரவில்லை. கலியாணப் பேச்சில், "அவை செல்லடிக்குள்ளை இருந்தவை, அந்தக் குடும்பத்திலை ஒரு பிள்ளை ஊனம்" என்று பின்வாங்குகிறவர்கள் இதை அறியவேண்டும். ஊனமான பிள்ளையைப் பெற்ற தாயிடம் "நீ என்ன செய்தாய்?" என்று கேட்கிற வாய்கள் மூடவேண்டும். கேட்கத்தான் வேண்டுமென்றால் கேள்வி வேறு: அவளுக்கு யார் எதைக் கொடுத்தார்கள்? அவள் தலைமேல் யார் எதைப் போட்டார்கள்? அதை யார் பதிந்து வைத்தார்கள்?

மூன்றாவது வழியைப் பற்றி நாம் பேசுவதேயில்லை. வென்வேர்த்வில்லிலும் டண்டினோங்கிலும் நம் வீடுகளுக்குள் வியட்நாமிலிருந்து திரும்பிய அந்தத் தந்தையரைப் போன்றவர்கள் இருக்கிறார்கள். பிள்ளை பரீட்சையில் எத்தனை புள்ளி எடுத்தது என்று கேட்கிறோம்; இரவில் தகப்பனின் அலறல் கேட்டு விழித்த பிள்ளை மறுபடி தூங்கியதா என்று கேட்பதில்லை. பைத்தியம் என்ற பட்டம் வந்துவிடும் என்று வைத்தியரிடம் போவதில்லை. அவுஸ்திரேலியப் படைவீரரின் குடும்பங்களும் முதலில் அப்படித்தான் மறைத்தன. அவர்களுக்காக எண்ணுவதற்கு ஓர் அரசு இருந்தது. வற்புறுத்துவதற்குச் சங்கங்கள் இருந்தன. நமக்கு அரசு இல்லை. சங்கங்களுக்குக் குறைவில்லை.

2009இல் வன்னியின் கடைசிக் கடற்கரையில் கருவுற்றிருந்த தாய்மாருக்குப் பிறந்த பிள்ளைகள் இன்று வளர்ந்து நிற்கிறார்கள். அவர்களில் சிலர் இந்நகரங்களிலும் இருக்கிறார்கள். அந்த மாதங்களில் தாய் எங்கே இருந்தாள், என்ன உண்டாள், எந்தக் காயத்துக்கு எந்த மருந்து கிடைத்தது, பிள்ளை எத்தனை நிறையில் பிறந்தது என்பவை இன்றைக்கும் தாய்மாரின் நினைவில் இருக்கின்றன. செவிப்புலனற்றோர் பாடசாலையின் பழைய பதிவேடு ஐம்பது ஆண்டுகளின் பின் லங்காஸ்டரின் கைக்கு வந்ததுபோல, நாம் எழுதிவைப்பதும் ஒருநாள் ஒருவரின் கைக்கு வரக்கூடும். நம்மிடையே வைத்தியர்கள் இருக்கிறார்கள், தாதியர் இருக்கிறார்கள், புள்ளிவிபரம் படித்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். தாய்மார் இருக்கும்போதே அவர்களிடம் போய் இருந்து, குற்றம் சாட்டாமல் கேட்டு, திகதியோடு எழுதவேண்டும்.